தொலைந்த கத்தியும் அதற்கு மாற்றும்

இந்த வாரம் ஒரு சிறிய பொருளைக் குறித்துச் சிந்திப்போம். பல ஆண்டுகள் சட்டைப்பையில் கிடந்து, பென்சில் சீவி, மாம்பழம் நறுக்கி, கடித உறை பிரித்து, கைக்குப் பழகிப்போன ஒரு மடக்குக்கத்தி ஒருநாள் காணாமற்போகிறது. பயணத்திலோ தோட்டத்திலோ பேருந்து இருக்கையின் இடுக்கிலோ அது விழுந்திருக்கலாம். வீட்டார், "இன்னொன்று வாங்கிக்கொள்ளலாமே" என்கிறார்கள். கடைக்குப் போய்ப் பார்த்தால் அதே நிறம், அதே வடிவம் கண்ணுக்குத் தெரிகிறது. கையில் எடுத்ததும் ஏதோ பொருந்தவில்லை. இழந்ததற்கு மாற்று என்பது எதைப் பார்த்து முடிவுசெய்யப்படுகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேட, உலகெங்கும் மிகுதியாகச் சட்டைப்பைகளில் குடியேறிய ஒரு கத்தியின் வரலாறு நமக்கு உதவும்.

மடக்குக்கத்தி புதிய கண்டுபிடிப்பு அன்று. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பகுதியில் கிடைத்த, எலும்புப் பிடி கொண்ட மடக்குக்கத்தி ஏறத்தாழ 2,500 ஆண்டுகள் பழமையானது. ரோமானியரும் மடக்குக்கத்திகளைச் செய்தார்கள். நாம் இன்றும் "பேனாக்கத்தி" என்று சொல்கிறோம்; பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு? ஐரோப்பியர் வாத்து முதலிய பறவைகளின் இறகால் எழுதிய காலத்தில், மழுங்கிப்போகும் இறகின் நுனியை அடிக்கடி சீவ வேண்டியிருந்தது. அதற்கென்றே எழுதுபவர் வைத்திருந்த சிறு கத்திக்கு அந்தப் பெயர் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் எஃகு முனைகள் பெருகியபின் இறகுகள் மறைந்தன. கத்தியும் பெயரும் தங்கிவிட்டன. நம் நாட்டில் ஓலையில் எழுதியோரிடமும் இத்தகைய கருவி ஒன்று இருந்தது. எழுத்தாணியும், ஓலை நறுக்கும் சிறு கத்தியும் ஒரே பிடிக்குள் மடங்கி அடங்கும் அதற்கு மடக்கெழுத்தாணி என்று பெயர்.

எழுதுகிறவனின் கத்தியைப் பற்றிய மிகப் பழைய நிகழ்ச்சிகளுள் ஒன்று எரேமியா 36ஆம் அதிகாரத்தில் உள்ளது. யூதாவின் அரசன் யோயாக்கீம் ஒன்பதாம் மாதத்தில் குளிர்கால மாளிகையில் கணப்பின் முன் அமர்ந்திருக்கிறான். யெகுதி புத்தகச் சுருளின் சில பத்திகளை வாசிக்க வாசிக்க, அந்தப் பகுதி கத்தியால் அறுக்கப்பட்டு நெருப்பில் எறியப்படுகிறது. சுருள் முழுவதும் சாம்பலாகிறது. அதன்பின் எரேமியா சொல்லச் சொல்ல பாருக்கு வேறொரு சுருளில் எழுதுகிறான். அந்த இரண்டாம் சுருளில் முதற்சுருளின் வார்த்தைகள் யாவும் இருந்தன; அவற்றோடு இன்னும் அநேக வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன. தோலோ நாணலோ, அந்தப் பழைய ஏடு திரும்ப வரவில்லை. அது சுமந்த செய்தி திரும்ப வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்துக்குச் செல்வோம்.

இன்று செல்வ நாடாக நாம் அறியும் சுவிட்சர்லாந்து 19ஆம் நூற்றாண்டில் அப்படி இருக்கவில்லை. மலைப் பள்ளத்தாக்குகளில் வேலை கிடைக்காமல் பல குடும்பங்கள் அமெரிக்கா முதலிய நாடுகளுக்குப் புறப்பட்டன. அந்தச் சூழலில் கார்ல் எல்ஸெனர் என்பவர் 1884ஆம் ஆண்டு ஷ்வீஸ் நகரை அடுத்த ஈபாக் என்னும் ஊரில் கத்திப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அவர் 1860இல் பிறந்தவர். தொழிலைக் கற்றுத் தேறியவர். ஓடை நீரின் விசையால் சாணைக்கல் சுழன்றது. வீட்டுக் கத்திகளும் பண்ணைக் கத்திகளும் அங்கே உருவாயின.

அதே காலத்தில் சுவிஸ் படைக்கு ஒரு தேவை எழுந்தது. 1889ஆம் ஆண்டின் புதிய துப்பாக்கியைப் பிரித்துச் சுத்தம் செய்ய ஸ்க்ரூடிரைவர் வேண்டும். தகர டின்னில் அடைத்த உணவைத் திறக்கவும் ஒரு கருவி வேண்டும். ஒரு வீரன் இவற்றைத் தனித்தனியாகச் சுமக்க இயலாது. ஆகவே வெட்டும் அலகு, டின் திறப்பான், ஸ்க்ரூடிரைவர், துளையிடும் ஊசி ஆகிய நான்கும் ஒரே பிடிக்குள் மடங்கும் கத்தி வடிவமைக்கப்பட்டது. பிடி கருமை நிற மரத்தால் ஆனது. ஆனால் அத்தனை ஆயிரம் கத்திகளை விரைவில் செய்து தரும் பட்டறை சுவிட்சர்லாந்தில் இல்லை. முதல் கத்திகள் ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரிலிருந்து வந்தன. நாட்டைக் காக்கும் வீரனின் பையில் அயல்நாட்டுக் கத்தி!

எல்ஸெனருக்கு இது வெறும் வணிகக் கணக்காகத் தோன்றவில்லை. ஊரில் இளைஞர் வேலையின்றி இருக்கையில் இந்த வேலை எல்லையைத் தாண்டிப் போகிறதே என்று எண்ணினார். நாட்டிலுள்ள கத்தித் தொழிலாளரை ஒரு சங்கமாகத் திரட்டினார். 1891ஆம் ஆண்டு அவர்கள் செய்த கத்திகள் படைக்கு வழங்கப்பட்டன. ஆனால் ஸோலிங்கனின் பெரிய ஆலைகள் அதே கத்தியை மலிவாகத் தந்தன. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். எல்ஸெனர் தொடர்ந்தார், கையிலிருந்த பொருள் முழுவதையும் இழந்தார். உறவினர் கைகொடுத்ததாலும், கடன் கொடுத்தவர்கள் பொறுத்துக்கொண்டதாலும் பட்டறை மூடப்படாமல் தப்பியது.

இழப்பிலிருந்து அவர் மீண்ட விதத்தைக் கவனியுங்கள். போர்வீரனின் கத்தி உறுதியானது, ஆனால் கனமானது. அதைவிட இலேசானதும் நேர்த்தியானதுமான ஒன்றை அவர் வடிவமைத்தார். முதுகுப்புறத்தில் இரண்டே ஸ்பிரிங்குகளை வைத்து ஆறு கருவிகளைத் தாங்கச் செய்தார். முந்திய நான்கோடு இரண்டாவது சிறிய அலகும், கார்க் திருகும் சேர்ந்தன. 1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் "அதிகாரிகளின் கத்தி" என்ற பெயரில் அந்த வடிவம் சட்டப்படி பதிவாயிற்று. படை அதை வீரருக்கான சாதனமாக ஏற்று வழங்கவில்லை. அதிகாரிகள் தங்கள் சொந்தப் பணத்தில் வாங்கினார்கள். பிறகு பொதுமக்களும் வாங்கினார்கள். ஏறத்தாழ அவரை அழித்த கத்தியின் பக்கத்திலேயே, அவரை நிலைநிறுத்திய கத்தி பிறந்தது.

1909ஆம் ஆண்டு அவருடைய தாய் விக்டோரியா காலமானார். எல்ஸெனர் தம் நிறுவனத்துக்கு அந்தத் தாயின் பெயரையே சூட்டினார். கேடயத்தினுள் சிலுவை அமைந்த முத்திரையும் அதே ஆண்டு முதல் பயன்பாட்டுக்கு வந்தது. 1918இல் அவரும் மறைந்தார். 1921ஆம் ஆண்டு துருப்பிடிக்காத எஃகு தொழிலில் புகுந்தபோது, அந்த எஃகைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கமாகிய "இனாக்ஸ்" தாயின் பெயரோடு இணைந்தது. "விக்டோரினாக்ஸ்" என்ற பெயர் உண்டாயிற்று. அந்தச் சிவப்புக் கத்தியைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் எத்தனை பேருக்கு, தாங்கள் ஒரு தாயின் பெயரைச் சுமப்பது தெரியும்?

இதற்கிடையே மேற்கே, பிரெஞ்சு மொழி பேசும் ஜூரா பகுதியிலும் படைக்குக் கத்தி செய்யும் நிறுவனம் ஒன்று வளர்ந்தது. அது பின்னர் வெங்கர் என்ற பெயர் பெற்றது. இரு பகுதிகளுக்கும் மனத்தாங்கல் வராதபடி 1908இல் அரசு கொள்முதலை இருவருக்கும் பாதிப்பாதியாகப் பிரித்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்க வீரர்கள் இக்கத்திகளை விரும்பி வாங்கினார்கள். ஜெர்மன் பெயர் அவர்கள் நாவுக்கு வரவில்லை. "சுவிஸ் ராணுவக் கத்தி" என்று எளிதாக அழைத்தார்கள். அந்தப் பெயரே உலகில் நின்றது.

2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாளுக்குப்பின் இந்த வரலாறு இன்னொரு இழப்பைச் சந்தித்தது. விமானத்தில் கைப்பையோடு கத்தி எடுத்துச் செல்லத் தடை வந்தது. விமான நிலையக் கடைகளில் விற்பனை நின்றது. பயணத்தின்போது பரிசாக வாங்கும் வழக்கமும் குறைந்தது. கத்தி விற்பனை பெருமளவு சரிந்தது. அந்த நெருக்கடியில் ஈபாக் நிறுவனம் விற்பனை குறைந்ததைக் காரணம் காட்டித் தொழிலாளரை வீட்டுக்கு அனுப்பவில்லை. வேலை குறைந்த நாள்களில் அவர்களைப் பிற நிறுவனங்களுக்குத் தற்காலிகமாக அனுப்பி வைத்து, பின்பு திரும்ப அழைத்துக்கொண்டது. இளைஞருக்கு வேலை வேண்டும் என்று 1891இல் தொடங்கிய எண்ணம் நூற்றுப் பத்து ஆண்டுகள் கழித்தும் உயிரோடிருந்தது. 2005இல் வெங்கர் நிறுவனத்தையும் அது வாங்கியது. சில ஆண்டுகளில் வெங்கர் பெயரில் கத்திகள் வருவது நின்றது.

இனி, தொலைத்தவருடைய கேள்விக்கு வருவோம். இந்த வரலாற்றை அறிந்தவர் மாற்றைத் தேடுவது எளிது. உங்கள் பழைய கத்தி கடைக்காரர் காட்டும் கத்தியைவிடச் சற்றுக் குட்டையாக இருந்ததாக உங்கள் கை சொல்கிறதா? அது வெங்கராக இருக்கலாம். வெங்கரின் வழக்கமான கத்தி 85 மில்லிமீட்டர். விக்டோரினாக்ஸின் வழக்கமான கத்தி 91 மில்லிமீட்டர். ஆறு மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கண் தவறவிடும், உள்ளங்கை தவறவிடாது. வெங்கர் வடிவங்கள் சில, அந்த ஆலை இருந்த ஊராகிய டெலெமோன் பெயரில் தொடர்ந்து வந்தன. வெள்ளி நிற அலுமினியப் பிடி கொண்ட 1961ஆம் ஆண்டு மாதிரிப் போர்வீரன் கத்தியைத் தொலைத்தவருக்கு நேர்ப் புதியது கிடைக்காது. 2008இல் படை வேறு மாதிரிக்கு மாறிவிட்டது. ஆனால் "பயனியர்" என்ற கத்தி அதற்கு நெருங்கிய உடன்பிறப்பு. நீளம் அதே 93 மில்லிமீட்டர். பழையதே வேண்டுமென்று ஒருவர் கைமாறிய கத்தியை வாங்கினால், அலகின் அடியில் அது செய்யப்பட்ட ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். தம் மகன் பிறந்த ஆண்டின் கத்தியைத் தேடி எடுப்போரும் உண்டு.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகள் விட்டுச்செல்லும் கத்திகளைச் சில மாநில அரசுகள் பெற்று, மொத்தமாக விற்கின்றன. ஆகவே ஒருவர் கண்கலங்க விட்டுச்சென்ற கத்தி, வேறெங்கோ கத்தியைத் தொலைத்த இன்னொருவருக்கு மாற்றாகச் சென்று சேர்கிறது. நம்முடையதும் எங்கோ ஒரு கையில் பென்சில் சீவிக்கொண்டிருக்கலாம் என்று எண்ணும்போது இழப்பின் கசப்பு சற்றுத் தணிகிறது அல்லவா?

ஆனால் தகப்பனார் தந்த கத்தியைத் தொலைத்தவருக்கு இந்த அளவுகளும் ஆண்டுகளும் போதா. நிறுவனத்தின் உத்தரவாதம் எஃகின் குறைக்கும் வேலைப்பாட்டின் குறைக்கும் உண்டு; தொலைந்த நினைவுக்கு எந்தக் கடையிலும் உத்தரவாதம் இல்லை. அதை மறுத்துப் பேசுவது ஆறுதலாகாது. எல்ஸெனரும் தம் தாய்க்கு மாற்று தேடவில்லை. தாம் அன்றாடம் செய்த வேலையின்மேல் அவர் பெயரை எழுதினார். அந்த வேலை அவருக்குப் பின்னும் நடந்தது. பாருக்கும் சாம்பலைக் கிளறிக்கொண்டிராமல் புதிய சுருளை எடுத்தான்.

ஆகவே, அன்பானவர்களே, மாற்றைத் தேடும்போது கடைக்குப் போகுமுன் ஒரு காகிதத்தில் இரண்டு காரியங்களை எழுதிப் பாருங்கள். அந்தக் கத்தி எனக்கு என்னென்ன வேலை செய்தது? அதன் மூலம் யாரை நான் நினைத்துக்கொண்டேன்? முதற்கேள்வியின் விடை, எந்தக் கத்தியை வாங்குவது என்று காட்டும். இரண்டாம் கேள்வியின் விடை கத்திக்குள் இல்லை. அதை வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் வாயால் சொல்ல வேண்டும். புதிய கத்தியின் மூட்டுகள் சில மாதம் இறுக்கமாகவே இருக்கும். ஒரு துளி எண்ணெய் விட்டு, நாள்தோறும் பயன்படுத்துங்கள். பழையதும் ஒருகாலத்தில் இப்படித்தான் விறைத்துக்கொண்டு உங்கள் கைக்கு வந்தது.