272 படிகளுக்கு மேலே குகை: குடைந்தது மழைநீர்

பத்துமலைக் கோயில் குகைக்குச் செல்ல 272 படிகள் ஏற வேண்டும். அந்தக் குகையைக் குடைந்தது தண்ணீர்தான். அப்படியானால் தண்ணீர் அவ்வளவு உயரத்திற்கு எப்படிப் போனது?

பத்துமலை சுண்ணாம்புக்கல்லால் ஆனது. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கடலடியில் சிப்பி, பவளம் போன்ற உயிர்களின் எச்சங்கள் படிந்து இறுகியதால் உருவான கல் இது.

கல் கரைவது எப்படி?

மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொள்கிறது. காட்டு மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் மக்கிய இலைகளும் வெளியிடும் அதே வாயு பல மடங்கு சேர்ந்து, நீர் வலுக்குறைந்த அமிலமாகிறது. அது பாறை வெடிப்புகளில் புகுந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போகிறது. பல்லாயிரம் ஆண்டுகளில் வெடிப்பு குகையாகிறது.

குகை பெரும்பாலும் நிலத்தடி நீர்மட்டத்தை ஒட்டியே அகலமாகும். சுற்றியுள்ள நிலத்தை ஆறுகள் அரித்துத் தாழ்த்தும்போது நீர்மட்டமும் இறங்கும். பழைய குகை வறண்டு உயரத்தில் நின்றுவிடும். தண்ணீர் மேலே ஏறவில்லை; தரைதான் கீழே இறங்கியது.

மூலுவின் மாடிக் குகைகள்

சரவாக்கின் குனோங் மூலு தேசியப் பூங்காவில் இதைப் பெரிய அளவில் காணலாம். அங்கே நிலம் மெல்ல உயர்ந்ததால் குகைகள் மாடி மாடியாக உள்ளன. மேலே உலர்ந்த பழைய குகைகள். அடியில் இன்றும் ஆறு ஓடும் குகைகள். மூலு மலை மணற்கல்லால் ஆனது. அங்கிருந்து வரும் நீரில் சுண்ணாம்பு மிகக் குறைவு என்பதால், பக்கத்துச் சுண்ணாம்பு மலைகளை எளிதில் கரைக்கிறது.

கிளியர்வாட்டர் குகைத் தொடரின் நீளம் 200 கிலோமீட்டருக்கும் மேல். சரவாக் சேம்பர் என்ற குகைக்கூடம் 600 மீட்டர் நீளமும் 415 மீட்டர் அகலமும் கொண்டது. 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ இப்பூங்காவை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

தொட வேண்டாம்

குகைக் கூரையில் நீர் கசியும்போது, சோடா போத்தலைத் திறந்ததுபோல் வாயு வெளியேறுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிந்து விழுதுபோல் தொங்குகிறது. ஒரு சென்டிமீட்டர் வளர நூறு ஆண்டுகள்கூட ஆகலாம். கையின் எண்ணெய்ப்பசை பட்டாலே அந்த இடத்தில் படிவது தடைபடும். மலைமேல் காட்டை அழித்தால், நீருக்கு வாயு சேர்க்கும் மண்ணும் போய்விடும்.

அடுத்த முறை பத்துமலையில் தலைமேல் ஒரு சொட்டு விழுந்தால் அண்ணாந்து பாருங்கள். தண்ணீரின் வேலை இன்னும் முடியவில்லை.