பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்

அம்மா எட்டு வயதில் தறியில் உட்கார்ந்தாள். நெய்வதற்கு அல்ல, நெய்கிறவருக்குப் பக்கத்தில். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். உடலுக்கு ஒன்று, கரைக்கு இரண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டு ஊடையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். அந்தப் பிடிப்புக்குத்தான் கோர்வை என்று பெயர். அதற்கு நெசவாளியின் இரண்டு கைகள் போதாது. ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் போட்டு வாங்க இன்னொருவர் வேண்டும். எங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஒரு காலத்தில் அந்த இன்னொருவர் பல வீடுகளில் ஒரு பிள்ளையாக இருந்தார்.

தாத்தா முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்காக அம்மா வேறொரு வீட்டுத் தறிக்குப் போனாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. துணி நெய்யும் தொழில் தடைப் பட்டியலில் இருந்தது. ஆனால் குடும்பத்தாரோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு அந்தச் சட்டம் விலக்குக் கொடுத்தது. தறி இருப்பதே வீட்டுக்குள்தான் என்னும் ஊரில் அந்த விலக்கு எவ்வளவு பெரிய வாசல் என்பதை எங்கள் தெருவில் யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தேன். கதை எழுத வேண்டும் என்ற ஆசை இருந்தது. எங்கே போய்க் கற்பது என்று தெரியவில்லை. கடைசி ஆண்டு கோடை விடுமுறையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் நிறுவனம். வருகைப் பதிவேடு எழுதுவது, வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய்க் காரணம் கேட்டுக் குறிப்பு எழுதுவது, இவை என் வேலை. கொடுத்த தொகை பேருந்துக்கும் டீக்கும் சரியாக இருந்தது. பொறுப்பாளர் அக்கா என் முதல் குறிப்பில் இருந்த ‘வறுமையில் வாடும் குடும்பம்’ என்ற வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் மூன்று கேள்வி எழுதினார்: எத்தனை தறி? யார் தறி? போன வாரம் தறி ஓடியதா? எழுத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. அம்மாவைப் போல நானும் வேறொருவர் வேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் என்மேல் முன்பணம் இல்லை. நினைத்த நாளில் எழுந்து போகலாம். இந்த வித்தியாசத்தை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

அந்தக் கோடையில்தான் ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இந்த ஊரில் எனக்கு முன்னால் எழுத வந்த இளைஞர்கள் யார் பக்கத்தில் உட்கார்ந்து கற்றார்கள்?

காஞ்சிபுரம் படிக்க வருகிறவர்களின் ஊராக இருந்திருக்கிறது. பல்லவர் காலத்தில் இங்கே இருந்த கடிகை என்னும் உயர்கல்வி நிலையத்துக்கு மயூரசர்மன் தன் குருவோடு வந்ததைக் கர்நாடகத்தின் தாளகுந்தா கல்வெட்டு சொல்கிறது. இங்கே பல்லவக் குதிரை வீரர்களோடு ஏற்பட்ட தகராறில் அவன் புத்தகத்தை விட்டு வாளை எடுத்தான், கதம்ப அரசை நிறுவினான். ஆனால் எழுதக் கற்றுக்கொள்வதைப் பற்றி இந்த ஊர் சொல்லும் நெருக்கமான கதை குமரகோட்டத்துக் கதைதான். ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்கும் இடையில் இருக்கும் அந்த முருகன் கோயிலில் கச்சியப்ப சிவாச்சாரியார் அர்ச்சகர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட கந்தபுராணத்தை அவர் நாளுக்கு நூறு பாடலாக எழுதினாராம். ஒவ்வொரு இரவும் ஏட்டைச் சன்னதியில் வைத்துக் கதவைச் சாத்துவார். காலையில் திறந்தால் முருகன் திருத்தம் போட்டு வைத்திருப்பான். அரங்கேற்றத்தின்போது முதல் அடியின் புணர்ச்சிக்கு இலக்கணம் எங்கே என்று சபை கேட்டது. சோழ நாட்டிலிருந்து வந்த ஒருவர் வீரசோழியம் என்னும் இலக்கண நூலில் விதி காட்டிக் கந்தபுராணத்தைக் காப்பாற்றினார். அவரும் முருகனே என்கிறது ஊர்.

சின்ன வயதில் இதைப் பக்திக் கதையாகக் கேட்டேன். அக்காவின் பேனா என் குறிப்பில் ஓடிய பிறகு வேறு மாதிரி கேட்டது. எழுதியதை அன்றன்றே ஒருவர் முன்னால் வைக்க வேண்டும், அவர் திருத்துவார், மறுநாள் மேலே எழுத வேண்டும். பயிற்சி என்பதே இவ்வளவுதான்.

அச்சுக் காலத்துக்கு வந்தால், இந்தக் கேள்விக்கு விடை சின்னக் காஞ்சிபுரத்தில், அண்ணா நினைவு இல்லமாக இருக்கும் வீட்டில் தொடங்குகிறது. 1909 செப்டம்பர் 15 அன்று பிறந்த சி.என். அண்ணாதுரை நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. பள்ளிப் படிப்பின் நடுவே, வீட்டுத் தேவைக்காகக் காஞ்சிபுரம் நகராட்சியில் எழுத்தராகச் சில காலம் வேலை பார்த்தார். 1934இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பட்டப்படிப்பை முடித்தார். அதே ஆண்டு ஆனந்த விகடனில் அவருடைய ‘கொக்கரக்கோ’ சிறுகதை வந்தது. அதே ஆண்டில்தான் திருப்பூர் இளைஞர் மாநாட்டில் பெரியாரைச் சந்தித்தார்.

விகடனில் முதல் கதை வந்த இளைஞர் அடுத்த எட்டு ஆண்டுகளை எங்கே செலவிட்டார் என்று பாருங்கள். சில மாதம் ஆசிரியர் வேலை. நவயுகம் இதழில் பணி. பிறகு ஈரோட்டில் பெரியாரின் விடுதலை, குடிஅரசு இதழ்களில் துணையாசிரியர். 1938இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நான்கு மாதச் சிறை. இடையில் இடைவிடாத மேடைகள். லாபத்துக்காக நடந்த பத்திரிகைகள் அல்ல அவை. கொள்கைக்காக நடந்தவை. இன்றைய சொல்லில் சொன்னால், லாப நோக்கற்ற அமைப்பின் அலுவலகத்தில் வேலை கற்ற இளைஞர் அவர். அடுத்தவர் தறியில் நாடா போட்ட எட்டு ஆண்டுகள் அவை.

அந்த அலுவலகம் அவருக்கு என்ன கொடுத்தது? இயக்க இதழை ஒருவர் வாங்குவார், பத்துப் பேர் கேட்பார்கள். படிப்பகத்திலும் முடிதிருத்தும் கடையிலும் டீக்கடையிலும் ஒருவர் உரக்க வாசிக்க, எழுத்துத் தெரியாதவரும் சுற்றி உட்கார்ந்து கேட்டார். ஆகவே வாக்கியம் கண்ணுக்கு மட்டும் அல்ல, காதுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். அண்ணாவின் நடையில் இருக்கும் அந்த அடுக்கும் தாளமும் மேடைக்காக மட்டும் பிறந்தவை அல்ல என்று நான் நம்புகிறேன். 1939இல் குடிஅரசில் வந்த ‘கபோதிபுரக் காதல்’ இந்தப் பயிற்சிக் காலத்தில் எழுதியது. பத்திரிகைக்குப் பக்கம் நிரம்ப வேண்டும், தேதி தப்பக் கூடாது, அச்சுக் கோக்கிறவர் காத்திருப்பார். மனம் வந்தால் எழுதலாம் என்ற சொகுசு அங்கே கிடையாது.

1942 மார்ச்சில் அவர் சொந்தத் தறி போட்டார். காஞ்சிபுரத்திலிருந்து ‘திராவிட நாடு’ வார இதழ் வரத் தொடங்கியது. கட்டுரை, தொடர்கதை, நாடகம் என்று பல பெயர்களில் அவரே எழுதினார். சௌமியன், பரதன் என்பன அவற்றில் இரண்டு. ‘ரங்கோன் ராதா’ அதில்தான் தொடராக வந்தது. 1943இல் ‘சந்திரோதயம்’ நாடகத்தை எழுதி அவரே நடித்தார். ‘சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்’ நாடகத்தில் காகபட்டர் வேடம் அவருடையது. சிவாஜி வேடம் போட்ட வி.சி. கணேசன் அந்த வேடத்தின் பெயரையே வாழ்நாள் பெயராகப் பெற்றார்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. திராவிட நாடு தொடங்கிய ஆண்டிலேயே ‘இளமைப் பலி’ என்ற கட்டுரை ஒன்று திருவாரூரிலிருந்து வந்தது. இதழில் அச்சாயிற்று. பிறகு திருவாரூர் போன அண்ணா, எழுதியவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். வந்து நின்றது ஒரு பள்ளிக்கூடத்துப் பையன். முதலில் படிப்பைக் கவனி என்று அண்ணா அவருக்குச் சொன்னார். அந்தப் பையன் கருணாநிதி. பின்னாளில் அவரும் ஈரோடு போய்க் குடிஅரசில் துணையாசிரியராக உட்கார்ந்தார். எட்டு ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்தவர் தன் பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டார். அத்தோடு, படிக்கிற வயதில் இருப்பவனைப் பார்த்ததும் படிப்புக்குத் திரும்பிப் போ என்று சொல்லவும் அவருக்குத் தெரிந்திருந்தது. என் அம்மாவுக்கு அப்படிச் சொல்ல அந்தத் தறி வீட்டில் ஒருவரும் இல்லை.

இயக்கப் பத்திரிகை என்ற இந்தப் பள்ளியின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். கொள்கைக்காக எழுதும்போது பாத்திரம் சாட்சியாகிவிடுகிறது. அந்தக் கால இயக்கக் கதைகளில் ஒரு பெண் அழத் தொடங்கினால் நாலு வரியில் அவள் சொற்பொழிவுக்கு வந்துவிடுகிறாள். அவள் குரல் போய் ஆசிரியர் குரல் வந்துவிடுகிறது. சீர்திருத்தம் அவசரமாக இருந்த காலம் அது, காத்திருக்க முடியாது என்ற நியாயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வாசிக்கும்போது அந்தப் பெண் எனக்குக் கிடைக்காமல் போனாள்.

இதை எனக்குப் புரியவைத்தது இன்னொரு நிறுவனத்தில் நான் செய்த தவறு. படிப்பு முடிந்து அங்கே ஆறு மாதம் இருந்தேன். நன்கொடையாளர்களுக்கு அனுப்ப ஒரு சிறுமியின் கதையை எழுதச் சொன்னார்கள். உருக்கமாக எழுதினேன். அவள் வீட்டில் விளக்கு இல்லை என்பது போல, அவள் யாரோடும் சிரித்ததில்லை என்பது போல எழுதினேன். எல்லோரும் பாராட்டினார்கள். அச்சான தாளை அவளுடைய அம்மா ஒருவரைக் கொண்டு படிக்கக் கேட்டார். மறுமுறை நான் போனபோது தண்ணீர் கொடுத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “ஏம்மா, எம் பொண்ணு பாண்டி ஆட்டத்துல தெருவையே ஜெயிப்பாளே, அதை ஏன் எழுதல?” அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. அந்தப் பெண்ணைச் சாட்சியாக்கியது நான். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, எழுதிய கை என்னுடையது.

அதன்பிறகு இரண்டு நோட்டு வைத்துக்கொண்டேன். ஒன்றில் அலுவலகத்துக்கு வேண்டிய குறிப்பு. இன்னொன்றில் அலுவலகத்துக்கு வேண்டாதது. பாவு பிணைக்க வந்த பாட்டி ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாகத் திரித்துச் சேர்க்கும்போது பேசிய கதைகள். மழைநாளில் பட்டு இழை விறைத்துக்கொள்ள, தறிக்குழியில் கால் வைத்தபடி வெயிலுக்குக் காத்திருக்கும் மாமா. ஐந்து ரூபாய்க்குப் பந்தயம் கட்டிப் பாண்டி ஆடும் பிள்ளைகள். என் கதைகள் இரண்டாவது நோட்டிலிருந்து வந்தவை. ஆனால் முதல் நோட்டு இல்லாவிட்டால் அந்த வீடுகளின் வாசலைத் தாண்டியிருக்கவே மாட்டேன். உடல் ஊடையும் கரை ஊடையும் போல இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் ஓடின. கோர்வையாக எழுது என்று தமிழில் சொல்வதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. தனித்தனி நிறமுள்ள இரண்டு துணி, பிரிக்க முடியாதபடி ஒரே புடவையாக வேண்டும்.

போன தை மாதம் அம்மாவைப் பற்றிய கதையை எழுதி முடித்தேன். மூன்று வருஷமாக எழுத நினைத்த கதை. எழுத்துக்கூட்டிப் படிக்க அவளுக்கு நேரமாகும் என்பதால் நானே வாசித்தேன். அவள் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே கேட்டாள். கரை நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு, எப்போது போட வேண்டும் என்று நெசவாளியின் முகத்தையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும் எட்டு வயதுப் பெண்ணோடு என் கதை தொடங்கியது. நல்ல தொடக்கம் என்று நினைத்திருந்தேன்.

ராட்டை நின்றது.

“மூஞ்சை யாருடி பார்த்தா?” என்றாள். “மிதி சத்தத்தைக் கேப்போம். மிதி மாறின சத்தம் வந்ததும் கை தானா போகும். அவர் தலையைக்கூட திருப்ப மாட்டார். என் கண்ணு என்கிட்டதான் இருக்கும். ஜன்னல் வழியா தெருவைப் பார்த்துக்கிட்டே போடுவேன். பள்ளிக்கூடம் விட்டு யாரு யாரு போறான்னு எல்லாம் எனக்குத் தெரியும்.”

மறுபடி ராட்டை சுற்றியது. நான் முதல் பத்தியை அடித்துவிட்டு, அந்த ஜன்னலிலிருந்து எழுதத் தொடங்கினேன். அடுத்த நாள் இரவும் எழுதியதை அவள் முன்னால் வைத்தேன்.