கொசுவுக்குச் சாதியில்லை, வயலுக்கு உண்டு

எங்க ஆயா ஆம்பூர் பக்கத்தில் ஒரு தோல் கிடங்கில் முப்பது வருசம் உப்பு தேய்த்தவள். பச்சைத்தோலை விரித்து, சதைப் பக்கம் உப்பை அள்ளித் தேய்த்து, மடித்து அடுக்குகிற வேலை. விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் போயிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தோலைத் தின்கிற பூச்சிகளைப் பற்றி அவளிடம் கேட்க வேண்டும். "ஈரமா இருந்தா ஈ வந்து முட்ட வெக்கும். உப்பு கொறஞ்சி காஞ்சி போனா வண்டு வரும். அதும் புழுவுக்கு ஒடம்பெல்லாம் மயிரு. வெளிச்சம் காட்டுனா ஓடி ஒளிஞ்சிக்கும்" என்பாள்.

என் பெரியம்மா மகன் பதினைந்து வருசத்துக்கு முன்னால் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்தார். பூச்சியியல் சிறப்புப் பாடம். ஒவ்வொரு மாணவரும் ஐம்பது பூச்சிகளைப் பிடித்து, ஊசி குத்திக் காயவைத்து, மரப்பெட்டியில் வைத்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஊசியிலும் ஒரு சின்னத் துண்டுச் சீட்டு. அதில் மூன்று வரி: பிடித்த இடம், பிடித்த நாள், பிடித்தவர் பெயர். அந்தச் சீட்டு இல்லாத பூச்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அறிவியலுக்கு உதவாது.

அண்ணன் லீவுக்கு வந்தபோது ஆயா ஒரு தீப்பெட்டியில் அந்த வண்டை அடைத்துக் கொடுத்தாள். 'டெர்மெஸ்டிஸ் மாக்குலேட்டஸ்' என்று புத்தகத்தில் இருக்கிறதே, அதுதான். அண்ணன் மூன்றாவது வரியில் ஆயா பெயரை எழுதினார். பெட்டியைப் பார்த்த ஆசிரியர் அதை அடித்துவிட்டு, "கூலிக்காரங்க பேரெல்லாம் எழுதற எடமாப்பா இது? பெட்டிலயும் உங்க ஊரு வாசனைதான் வருது" என்றாராம். வகுப்பு சிரித்ததாம். எந்தக் கல்லூரி, யார் அந்த ஆசிரியர் என்பது இங்கே வேண்டாம். அந்தச் சிரிப்பு எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது.

அதே வண்டைத்தான் உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் வளர்த்துக்கொண்டிருக்கின்றன. செத்த மிருகத்தின் எலும்பில் ஒட்டிய சதையை இதைப்போல் சுத்தமாகத் தின்று தீர்க்க மனிதக் கையால் முடியாது. அங்கே அது விஞ்ஞானத்துக்கு உதவியாளர். ஆம்பூரில் அது நாற்றம்.

இந்த மூன்றாவது வரியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

வெப்ப நாட்டில் பூச்சிக்குக் குளிர்கால ஓய்வு கிடையாது. வருசம் முழுக்கப் பெருகும். வெள்ளைக்காரன் இங்கே பூச்சியைப் படிக்கத் தொடங்கியதற்கு இரண்டு காரணங்கள்: பயிர் வரி குறையக்கூடாது, சிப்பாய் காய்ச்சலில் சாகக்கூடாது. முதல் காரணத்துக்குக் கோவை வேளாண்மைக் கல்லூரி. சென்னை மாகாணத்தின் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிக் பிளெட்சர் 1914-இல் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிப் பெரிய நூல் ஒன்று வெளியிட்டார். 1940-இல் டி. வி. இராமகிருஷ்ண அய்யரின் கையேடு வந்தது. நெல் குருத்துப்பூச்சி பற்றியும் கம்பளிப்பூச்சி பற்றியும் படித்தவர்கள் எழுதினார்கள். அந்த வயலில் குனிந்து நாற்று நட்டவள், பூச்சியை முதலில் பார்த்தவள், புத்தகத்துக்குள் வரவில்லை.

இரண்டாவது காரணத்துக்கு ரொனால்ட் ராஸ். சென்னை மாகாண மருத்துவப் பணியில் இருந்தவர். 1897 ஆகஸ்ட் 20-ஆம் தேதி செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-இல் நோபல் பரிசு. அந்தக் கொசுக்கள் குடித்தது உசேன் கான் என்கிற நோயாளியின் ரத்தம். ஒரு கொசு கடிக்க ஓர் அணா கூலி. உசேன் கான் பெயராவது பதிவாகியிருக்கிறது. அதற்கே நாம் ராஸுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். 1955-இல் வடஆற்காடு கிராமங்களிலிருந்தும் பக்கத்து ஆந்திரக் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கடும் காய்ச்சல், வலிப்பு, நினைவு தப்புதல். ஊரில் இதற்கு ஜன்னி என்று பேர், பேய் அடித்தது என்று பேர். குழந்தை மருத்துவர் ஜான் வெப்பும் அவரோடு இருந்தவர்களும் இது பூச்சி மூலம் பரவுகிற வைரஸ் மூளைக்காய்ச்சல் என்று கண்டு எழுதினார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது நம்ம வேலூரில்தான். 1952-இல் புனேயில் தொடங்கிய வைரஸ் ஆராய்ச்சி மையமும் கைகோர்த்தது. 1956-இல் இங்கே பிடித்த கொசுக்களிலிருந்தே வைரஸைப் பிரித்தார்கள்.

பிறகு வந்தது உண்மையான பூச்சியியல். ரேச்சல் ரூபன் என்கிற பெண் விஞ்ஞானி வடஆற்காட்டுக் கொசுக்களை ஊர் ஊராகப் படித்து 1971-இல் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டார். பிற்பாடு மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தை வழிநடத்தியவரும் அவரே. இந்த வேலை ஏ.சி. அறையில் நடப்பதில்லை. பொழுது சாய்ந்த பிறகு டார்ச்சும் உறிஞ்சு குழாயும் எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகையில் நிற்க வேண்டும். சுகாதாரத் துறையில் இதற்கென்றே பூச்சி சேகரிப்பவர் என்று ஒரு வேலை உண்டு. அடிமட்ட வேலை. கொசு கடிக்கக் கடிக்கக் கொசு பிடிக்கிற வேலை.

அந்தப் படிப்பு சொல்லுகிற சேதி என்ன? வைரஸைப் பரப்புகிற முக்கியக் கொசு 'கியூலெக்ஸ் ட்ரைடீனியோரிங்கஸ்'. சாக்கடைக் கொசு இல்லை, நெல்வயல் கொசு. நாற்று நட்டுத் தண்ணீர் நிற்கிற இளம் பயிரில்தான் இதன் புழு ஏராளம். கொக்கு, நாரையிடம் வைரஸ் இருக்கும். அங்கிருந்து கொசு வழியாகப் பன்றிக்கு வந்து பன்றியின் ரத்தத்தில் பெருகும். மாட்டைக் கடித்தால் அங்கே பெருகாது. மனிதனும் முட்டுச்சந்துதான், அவனிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது. தொற்று வந்த 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் முற்றும். முற்றியவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துப் போவார்கள். பிழைத்த பிள்ளைகளில் பலருக்குக் கைகால் விளங்காது, பேச்சு வராது.

இப்போ நம்ம ஊர்ப் படத்தை மனசுக்குள் போட்டுப் பாருங்கள். ஊர் மேட்டில். சேரி பள்ளத்தில், ஏரிப் பாசன வயலை ஒட்டி. வயல் ஊர்க்காரனுடையது, வரப்பு வரைக்கும் நம்ம வீடு. பன்றி வளர்க்கிறவர்களும் இந்தப் பக்கம்தான் தள்ளப்பட்டிருப்பார்கள். கதவு இல்லாத வீடு, வாசலில் படுக்கிற பிள்ளை. கொசுவுக்குச் சாதி தெரியாது. யாரைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைப்பது என்று முடிவு செய்தவனுக்குத் தெரியும்.

மூளைக்காய்ச்சல் பரவினால் முதலில் கேட்கிற குரல் 'பன்றியை அப்புறப்படுத்து' என்பதுதான். பன்றிக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அறிவியல் சொல்வதை மறைப்பது நமக்கே கேடு. ஆனால் அதே அறிவியல் வயல் தண்ணீரையும்தான் சொல்கிறது. தண்ணீரைத் தேக்கியே வைக்காமல் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினால் கொசுப் புழு குறையும். வேப்பம்புண்ணாக்கு கலந்த யூரியா போட்டால் குறையும் என்று மதுரை மையத்தார் வயலிலேயே செய்து காட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தடுப்பூசி இருக்கிறது. வேலூரில் நோய் கண்டு அரை நூற்றாண்டு கழித்து, 2005-இல் உத்தரப்பிரதேசத்தில் ஆயிரத்துக்கும் மேல் பிள்ளைகள் செத்த பிறகுதான், 2006-இல் பெரிய அளவில் அந்த ஊசி போடத் தொடங்கினார்கள். பன்றிக்காரனின் பிழைப்பைப் பிடுங்குவது சுலபம். வயல்காரனிடம் மடையை மூடச் சொல்வது கஷ்டம். எது முதலில் நடந்திருக்கும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

1958-இல் வேலூரில் ஒரு மனித மூளையிலிருந்து பிரித்தெடுத்த வைரஸ் இன்றைக்கும் ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. அதன் பெயர் பி 20778. அதன் மரபணு எழுத்து எழுத்தாகப் படிக்கப்பட்டிருக்கிறது. இடம் வேலூர், வருசம் 1958. இரண்டு வரி சரியாக இருக்கிறது. மூன்றாவது வரியில் எண். நோயாளியின் பெயரை வெளியிடக்கூடாது என்பது மருத்துவ அறம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது ஒரு வீட்டில் அம்மா கூப்பிட்ட பேர் உள்ள ஒரு உசுரு. அந்த உசுரு கொடுத்த அறிவில்தான் இத்தனை புத்தகமும் நிற்கிறது. அதைச் சொல்ல ஒரு வரி வேண்டாமா?

1989-இல் இந்த மாவட்டத்துக்கு அம்பேத்கர் பெயர் வைத்தார்கள். சில வருசத்தில் அந்தப் பெயரையும் எடுத்தார்கள். 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள், ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போனது. பலகைகள் மாறுகின்றன. வயலும் சேரியும் இருந்த இடத்தில் இருக்கின்றன.

அண்ணன் படிப்பை விடவில்லை. அடித்த சீட்டை எடுத்துவிட்டுத் தன் பெயரை எழுதிக் கொடுத்தார், மதிப்பெண் வாங்கினார், பட்டம் வாங்கினார். ஆயா செத்த அன்னிக்கு அந்தப் பழைய சீட்டைப் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினார். மை மங்கியிருந்தது. ஆசிரியர் அடித்த கோடு மட்டும் பளிச்சென்று இருந்தது.

பல்கலைக்கழகங்களுக்குப் பூச்சி படிக்கப் போகிற நம்ம பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பிடித்த இடத்தை எழுதுங்கள். பிடித்த நாளை எழுதுங்கள். பிடித்தவர் பெயரை அடித்தால், மறுபடி எழுதுங்கள்.