ஒருவர் திண்ணையில், ஒருவர் ரயிலில்

போன அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் நம் பூங்கா பெஞ்சில் நடந்த வாக்குவாதம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஏ பிளாக் நண்பரின் மகன் டெக்சாஸில் இருக்கிறான். சி பிளாக் நண்பரின் மகள் கலிபோர்னியாவில். நண்பர்கள் இருவருக்கும் அங்கே ஓட்டு கிடையாது. ஆனாலும், "உங்க ஆளு ஊர் ஊராப் போய் என்ன பேசறார்னு கேட்டீங்களா சார்?" என்று ஒருவர் ஆரம்பிக்க, "உங்க ஆளுக்கு யார் பணம் கொடுக்கறாங்கன்னு முதல்ல சொல்லுங்க" என்று மற்றவர் எகிற, நடைப்பயிற்சிக் குழு இரண்டாகப் பிரிந்தது. பொங்கலன்று ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் ஏ பிளாக்கிலிருந்து சி பிளாக்குக்குப் போன பிறகுதான் பேச்சுவார்த்தை திரும்பியது.

நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு, இந்தச் சண்டையை எங்கோ படித்திருக்கிறோமே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பி.காம். படிக்கும்போது நாணய வரலாறு என்று ஒரு பகுதி உண்டு. அதில் ஒரு பத்தியாக வந்துபோன 1896ஆம் வருடத் தேர்தல்தான் அது. ஓய்வு பெற்றபின் அதைத் தேடித்தேடிப் படித்தேன். நம் ஊரும் அந்தக் கதைக்குள் வருகிறது என்பதால் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் சண்டை எதைப் பற்றி என்று தெரிய வேண்டும். கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் என் பாணியிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விவசாயி கோதுமை ஒரு புஷல் ஒரு டாலருக்கு விற்ற காலத்தில் ஆயிரம் டாலர் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது ஆயிரம் புஷல் கடன். 1890களின் நடுவில் கோதுமை விலை ஏறக்குறைய ஐம்பது சென்ட்டுக்கு இறங்கிவிட்டது. லெட்ஜரில் கடன் அதே ஆயிரம் டாலர். ஆனால் அவர் இப்போது இரண்டாயிரம் புஷல் விளைவித்தால்தான் அசல் அடையும். வட்டி தனி. 1893இல் வங்கிகளும் ரயில் கம்பெனிகளும் வரிசையாக விழுந்து நாடே மந்தத்தில் கிடந்தது. நாணயம் தங்கத்தோடு கட்டப்பட்டிருப்பதால்தான் பணம் போதவில்லை, 16 அவுன்ஸ் வெள்ளிக்கு ஒரு அவுன்ஸ் தங்கம் என்ற பழைய விகிதத்தில் வெள்ளியையும் தடையில்லாமல் நாணயமாக அடியுங்கள், பணம் பெருகும், விலை ஏறும், கடன் லேசாகும் என்றார்கள் மேற்கிலும் தெற்கிலும் இருந்த விவசாயிகள். கடைத்தெருவில் அப்போது ஒரு அவுன்ஸ் தங்கத்துக்கு முப்பது அவுன்ஸ் வெள்ளி கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு வெள்ளி டாலரில் இருந்த வெள்ளியின் மதிப்பு ஐம்பத்து மூன்று சென்ட்டுதான். "ஐம்பத்து மூன்று சென்ட் டாலரைக் கூலியாக வாங்கிக்கொள்வீர்களா?" என்று கிழக்கு மாநிலத்துக்காரர்கள் தொழிலாளர்களிடம் கேட்டார்கள்.

இந்த இடத்தில்தான் நாம் முதல் தடவை வருகிறோம். என் பாட்டியின் சுருக்குப் பையில் விக்டோரியா மகாராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்று இருந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது. ஒரு தோலா எடை. அந்தக் காலத்தில் யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோய்க் கல்கத்தாவிலோ பம்பாயிலோ உள்ள நாணயச் சாலையில் கொடுத்து ரூபாயாக அடித்து வாங்கலாம். 1893 ஜூன் 26 அன்று அந்த வசதியை இந்திய அரசாங்கம் நிறுத்தியது. உலகத்திலேயே பெரிய வெள்ளி வாடிக்கையாளர் கடையை மூடியதும் வெள்ளி விலை சரிந்தது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த அமெரிக்காவில் பீதி இன்னும் கூடியது. அந்த நவம்பருக்குள் வெள்ளி வாங்கும் சட்டத்தையே அமெரிக்கா ரத்து செய்தது.

இனி வேட்பாளர்கள். ஜனநாயகக் கட்சியில் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். நெப்ராஸ்காக்காரர், வயது முப்பத்தாறுதான். 1896 ஜூலை 9 அன்று சிகாகோவில் கட்சி மாநாட்டில், மனித குலத்தைத் தங்கச் சிலுவையில் அறையாதீர்கள் என்று முடித்த ஒரு பேச்சுப் பேசினார். கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. அடுத்த நாளே அவர்தான் வேட்பாளர். குடியரசுக் கட்சியில் வில்லியம் மெக்கின்லி. ஒஹையோ மாநில ஆளுநராக இருந்தவர், உள்நாட்டுப் போரில் மேஜர், ஐம்பத்து மூன்று வயது.

பிரையனிடம் பணம் இல்லை, குரல் இருந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கேட்கும் குரல். ரயில் ஏறினார். ஆரம்பத்தில் டிக்கெட்டைத் தானே வாங்கி, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு சாதாரணப் பயணியாகவே போனார். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பேச்சு. மொத்தம் 27 மாநிலம், ஏறக்குறைய 18,000 மைல், 600க்குப் பக்கத்தில் பேச்சுகள். கடைசிக் கட்டத்தில் அவருக்குத் தனி ரயில் பெட்டி கிடைத்தது. அதன் பெயர் 'சோம்பேறி'. நான் கட்டிவிடவில்லை, நிஜமாகவே அந்தப் பெட்டிக்கு அதுதான் பெயர்.

மெக்கின்லியையும் கிளம்பச் சொன்னார்கள். பேசுவதற்கு முன் யோசிக்கிற பழக்கம் எனக்கு உண்டு, பிரையனோடு பேச்சுப் போட்டிக்குப் போவதும், வீட்டு வாசலில் ஊஞ்சல் கட்டி சர்க்கஸ்காரனோடு போட்டி போடுவதும் ஒன்றுதான் என்ற அர்த்தத்தில் மறுத்துவிட்டார். கேன்டன் என்ற சிறு ஊரில் தன் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தார். மனைவி ஐடா நோயாளி, அவரை விட்டுப் போகவும் மனமில்லை. நம் ஊரில் திண்ணைப் பிரசாரம் என்றால் கட்சிக்காரர் நம் திண்ணைக்கு வருவார். இங்கே நாட்டு மக்கள் வேட்பாளரின் திண்ணைக்குப் போனார்கள். ரயில் கம்பெனிகள் கட்டணத்தை அடியோடு குறைத்தன. கேன்டன் போய்வருவது வீட்டில் இருப்பதைவிடச் செலவு குறைவு என்று எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் கேலி செய்தன. ஏழரை லட்சம் பேர் வந்து போனதாகக் கணக்கு. வந்தவர்கள் நினைவுப் பொருளாக வேலிக் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். வேலி போயிற்று, புல் போயிற்று, திண்ணையே ஆட்டம் கண்டது. (நம் பிள்ளையார் சதுர்த்தி விழாவுக்குப் பிறகு புல்வெளி இருந்த நிலை தோட்டக் கமிட்டிக்கு ஞாபகம் வரும்.)

வருகிறவர்கள் நினைத்ததைப் பேசிவிட முடியாது. குழுவின் தலைவர் தன் பேச்சை முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். மெக்கின்லி அதைத் திருத்தித் திருப்பித் தருவார். பதிலும் தயாராக இருக்கும். மறுநாள் நாடு முழுக்கப் பத்திரிகையில் பிசகில்லாமல் வரும். வாசலில் நின்றபடியே நாடெங்கும் பேசிய மனிதர் அவர்.

இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டது கொள்கையைப் பற்றி மட்டுமல்ல, இந்தப் பிரசார முறையைப் பற்றியும்தான். ஜனாதிபதிப் பதவி ஆளைத் தேடி வர வேண்டும், ஆள் பதவியைத் தேடி அலையக் கூடாது என்பது அங்கே பழைய நாகரிகம். 1860இல் ஊர் சுற்றிய ஸ்டீபன் டக்ளஸ் என்பவர், அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று சாக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா வீட்டுக்கு வழி தெரியாத பிள்ளை என்று நோட்டீஸ் அடித்தார்கள். பிரையன் சாக்கே சொல்லவில்லை. ஓட்டுப் பிச்சை எடுக்கிறார், பதவிக்கு மரியாதை இல்லை என்றார்கள் குடியரசுக் கட்சிக்காரர்கள். அவர் ஊர்ப்பக்கம் ஓடும் பிளாட் ஆற்றைச் சொல்லி, ஆழம் ஆறு அங்குலம், வாய் மட்டும் ஒரு மைல் அகலம் என்று நக்கலடித்தார்கள். யேல் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில் மாணவர்கள் கூச்சலிட்டு அவரைப் பேச விடவில்லை. செப்டம்பர் 27 அன்று நியூயார்க் டைம்ஸ், பிரையனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்ற கேள்வியோடு, மனநல மருத்துவர் என்று மட்டும் சொல்லிக்கொண்ட ஒருவரின் பெயரில்லாக் கடிதத்தைப் போட்டது. அந்தப் பக்கமும் சளைத்ததல்ல. திண்ணையை விட்டு இறங்கப் பயப்படுகிறவர், மார்க் ஹன்னாவின் கைப்பொம்மை என்றது. ஹர்ஸ்ட்டின் நியூயார்க் ஜர்னலில் ஹோமர் டேவன்போர்ட் வரைந்த கேலிச்சித்திரங்களில் ஹன்னாவின் கோட்டு முழுக்க டாலர் குறி.

இந்த ஹன்னாதான் எனக்கு இந்தக் கதையின் மையம். கிளீவ்லாந்துத் தொழிலதிபர், குடியரசுக் கட்சியின் தேசியத் தலைவர். அவர் நன்கொடை கேட்கவில்லை, வரி போட்டார் என்றே சொல்ல வேண்டும். வங்கிகளுக்கு மூலதனத்தில் கால் சதவீதம். பத்து லட்சம் டாலர் மூலதனம் என்றால் 2,500 டாலர். ஸ்டாண்டர்டு ஆயில் மட்டும் இரண்டரை லட்சம் டாலர் கொடுத்தது. மொத்தம் 35 லட்சம் டாலர் திரண்டது. பிரையன் தரப்புக்குத் தாராளமாகக் கணக்குப் போடுகிறவர்களே ஆறரை லட்சத்தைத் தாண்டுவதில்லை. அதையும் பெரிய அளவில் கொடுத்தவர்கள் ஏழை விவசாயிகள் அல்ல, வெள்ளிச் சுரங்க முதலாளிகள். பிரையனின் துணை ஜனாதிபதி வேட்பாளரே கப்பல் கட்டும் முதலாளி, ஒரு வங்கியின் தலைவரும்கூட!

ஹன்னாவின் பணம் பத்து கோடிக்கு மேல் துண்டுப் பிரசுரங்களாக மாறியது. ஓட்டுப் போட்டவர்களோ ஒன்றரைக் கோடிக்குள். ஜெர்மன், ஸ்வீடிஷ், இத்தாலியன் என்று குடியேறியவர்களின் மொழிகளிலெல்லாம் அச்சடித்தார்கள். சிகாகோ அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவர் சார்லஸ் டாஸ் என்ற முப்பத்தோரு வயது இளைஞர். அச்சு வேலைக்கு டெண்டர், செலவுக்கு வவுச்சர் என்று கணக்கைச் சுத்தமாக வைத்திருந்தார். பின்னாளில் நாட்டின் துணை ஜனாதிபதியாகி, 1925ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசையும் பகிர்ந்துகொண்டார். தணிக்கையில் எழுந்து நிற்கும் கணக்கு என்பதற்காக ஒரு குமாஸ்தாவாக நான் மரியாதை தருகிறேன். ஆனால் கணக்கு சரியாக இருப்பது வேறு, பணம் வந்த வழி சரியாக இருப்பது வேறு. கால் சதவீதம் கொடுத்த வங்கி அதைத் தன் டெபாசிட்தாரர்களைக் கேட்டா கொடுத்தது? கம்பெனிகள் கூட்டாட்சித் தேர்தலுக்கு நன்கொடை தரக் கூடாது என்று சட்டம் வர 1907 ஆயிற்று.

பயம் காட்டியதாகவும் புகார் உண்டு. பிரையன் ஜெயித்தால் புதன்கிழமை வேலைக்கு வர வேண்டாம் என்று ஆலைகளில் சொன்னதாகவும், மெக்கின்லி ஜெயித்தால்தான் ஆர்டர் உறுதி என்று ஒப்பந்தம் போட்டதாகவும் ஜனநாயகக் கட்சியினர் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டு ரகசியமாகியிருந்தது. விலை ஏறினால் கூலி கட்டாது என்று தொழிலாளர்களே நினைக்கவும் நியாயம் இருந்தது. ஆனாலும் திங்கட்கிழமை அந்த அறிவிப்பைக் கேட்டுவிட்டு வீடு திரும்பியவரின் நிலையை, சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்திய நாம் புரிந்துகொள்ள முடியும்.

இனி நாம் வரும் இரண்டாவது இடம். படிக்கும்போது எனக்குப் புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றிய இடம் இது. வெள்ளி விலையும் கோதுமை விலையும் சேர்ந்தேதான் ஏறும், சேர்ந்தேதான் இறங்கும் என்பது பிரையன் பக்கத்தின் முக்கியமான வாதம். தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் வெள்ளி எழவில்லை, சிகாகோவில் கோதுமை மட்டும் மளமளவென்று ஏறியது. வெள்ளி இல்லாமலேயே விலை வருகிறதே என்று குடியரசுக் கட்சியினர் கொண்டாடினார்கள். மத்திய மேற்கு விவசாயிகளில் பலர் மனம் மாற இதுவும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். விலை ஏன் ஏறியது? வெளிநாடுகளில் விளைச்சல் பொய்த்தது. அவற்றில் முக்கியமானது இந்தியா. அந்த வருடம் பருவமழை பொய்த்து, வட இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் தொடங்கிய பஞ்சம், பம்பாய், சென்னை மாகாணங்களின் சில பகுதிகள்வரை 1897இல் பரவியது. லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். கேன்டன் திண்ணையிலும் 'சோம்பேறி' ரயில் பெட்டியிலும் நடந்த வாதத்தில் அந்த மக்கள் ஒரு கோதுமை விலைப் பட்டியலாக மட்டுமே இருந்தார்கள்.

நவம்பர் 3, செவ்வாய்க்கிழமை. மெக்கின்லிக்கு 71 லட்சம் ஓட்டு, பிரையனுக்கு 65 லட்சம். மாநிலக் கணக்கில் 23க்கு 22. தேர்வாளர் வாக்கில் 271க்கு 176. நூற்றுக்கு எழுபத்தொன்பது பேர் ஓட்டுப் போட்டார்கள். நம் சங்கப் பொதுக்குழுவுக்கு வருகிறவர்களை எண்ணிப் பாருங்கள்.

இரண்டு நாள் கழித்துப் பிரையன் ஒரு தந்தி அடித்தார். விஷயத்தை மக்களிடம் வைத்தோம், அவர்கள் சொன்னதே சட்டம் என்று வாழ்த்தினார். தோற்ற வேட்பாளர் ஜெயித்தவருக்கு இப்படித் தந்தி அடித்தது அதுவே முதல் தடவை என்பார்கள். பிறகு 1900இலும் 1908இலும் நின்று தோற்றார். 1900இல் மெக்கின்லிக்காக 21,000 மைல் ரயிலில் சுற்றிப் பேசியவர் யார் தெரியுமா? பிரையனைக் கடுமையாகத் தாக்கிவந்த தியோடர் ரூஸ்வெல்ட். நான்கு வருடத்தில் ரயில் பிரசாரம் மரியாதைக்குரியதாகிவிட்டது!

பிரையன் 1906இல் உலகப் பயணத்தில் இந்தியாவுக்கும் வந்தார். பஞ்சத்தையும் வரியையும் பார்த்து, பிரிட்டிஷ் ஆட்சியைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதினார். நம் தேசியவாதிகள் அதை அச்சடித்து விநியோகித்தார்கள். பத்து வருடத்துக்கு முன் ஏறிய கோதுமை விலை அவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்குமா என்று நான் யோசித்ததுண்டு.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் இரண்டு நண்பர்களிடமும் படிக்கக் கொடுத்தேன். ஹன்னாவை நான் ரொம்ப மென்மையாக விட்டுவிட்டேன் என்கிறார் சி பிளாக். பிரையனுக்குச் சலுகை காட்டியிருக்கிறேன் என்கிறார் ஏ பிளாக். பாட்டியின் ரூபாயைப் பார்க்க விரும்புகிறவர்கள் மாலை ஆறு மணிக்குப் பூங்கா பெஞ்சுக்கு வரலாம். அவர்களும் அங்கேதான் இருப்பார்கள்.