துருத்தி இல்லாத உலை

அப்பா தொண்டியில் படகு ஆணி அடித்தவர். பட்டறையில் துருத்தி இழுத்தே வளர்ந்தவன் நான். அதனால்தான் இலங்கையின் சமனலவெவ என் மனதை விட்டு அகலவில்லை. பலாங்கொடைப் பக்கம், மேற்கு பார்த்த மலை முகடுகளில் 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை துருத்தியே இல்லாமல் இரும்பு உருக்கினார்கள். தொண்டியில் நாங்கள் கச்சான் என்கிற மேல்காற்றுதான் அங்கே ஊதியது. நீண்ட களிமண் சுவரின் விளிம்பைக் காற்று தாண்டும்போது அழுத்தம் குறையும். அந்த இழுப்பில் அடியிலுள்ள ஊதுகுழாய்கள் வழியே காற்று உள்ளே பாயும். தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் அங்கேயே உலை கட்டி உருக்கிப் பார்த்து, 1996இல் நேச்சர் இதழில் எழுதினார். கரி மிகுந்த எஃகே கிடைத்தது! இதைவிட நுட்பமான உலையை நான் அறியேன். ஒவ்வோர் உருக்கலுக்கும் முன்சுவரை உடைத்துப் புதிதாகக் கட்டினார்கள். பின்சுவரை அப்படியே விட்டுவைத்தார்கள்.