கட்டம் கட்டிய காலம்

பத்திரிகைக்காரர்கள் ‘கட்டம் கட்டு’ என்றால் ஒரு செய்தியைப் பெட்டிக்குள் போடச் சொல்கிறார்கள். கட்சிக்காரர்கள் சொன்னால் யாரோ ஒருவருக்குப் பதவி போகப்போகிறது. 1990களின் பிற்பகுதியில் சொந்தமாக இணையப் பக்கம் செய்த தமிழர்களும் கட்டம் கட்டினார்கள். ஆனால் அவர்கள் கட்டியது யார் கண்ணிலும் படக்கூடாத கட்டம்.

அந்தக் கதைக்குப் போகுமுன் சிதம்பரத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். ஓலைச்சுவடியில் பக்க அமைப்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஓலை எவ்வளவு நீளமோ வரியும் அவ்வளவு நீளம். புள்ளி இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, பாட்டு முடிந்த இடமும் சட்டென்று தெரியாது. அதை அச்சுக்குக் கொண்டுவந்தபோது நிறுத்தக்குறி போட்டு, சந்தி பிரித்து, வாசகன் மூச்சுவிட இடம் வைத்தவர்களில் முன்னவர் ஆறுமுக நாவலர். 1849இல் சென்னையில் அச்சு இயந்திரம் வாங்கி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைக்குக் கொண்டுபோனார். 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சொந்த அச்சுக்கூடம் இருந்ததால் பக்கத்தை எப்படி அடுக்குவது என்று அவர் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகளின் திருவருட்பா 1867இல் அச்சேறியதும், அதை அருட்பா என்று சொல்லலாமா என்று நாவலர் கிளப்பிய சண்டை 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனதும் ஊரறிந்த விஷயம். ஒரு நூலுக்கு என்ன பெயர் போடுவது என்பதில் கிளம்பிய சண்டை அவதூறு வழக்கில் போய் நின்ற மண் அது.

இனி இணையக் கதைக்கு வருவோம். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்த நாள் 1995 ஆகஸ்ட் 15. அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தளம் ஒன்றின் வழியாக நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ என்ற தமிழ் மென்பொருளைச் செய்துகொண்டிருந்தார். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியலாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். ஜியோசிட்டீஸின் ‘ஏதென்ஸ்’ பேட்டையில் தமிழ் மின்நூலகம் ஒன்றையும் நடத்தினார். இலவச மனைகளைப் பேட்டை பேட்டையாகப் பிரித்துக் கொடுத்த தளம் ஜியோசிட்டீஸ். ஓடும் எழுத்து, வருகையாளர் எண்ணிக்கை, ‘வேலை நடக்கிறது’ என்று மண் வெட்டும் பொம்மை எல்லாம் அங்கே தாராளம்.

பக்கத்தை அழகாக அடுக்க அப்போது ஒரே வழி டேபிள்தான். கணக்கு விவரம் போடுவதற்கென்று இருந்த அட்டவணையின் எல்லைக்கோட்டைப் பூஜ்யமாக்கி, இடப்பக்கம் பட்டியல், நடுவில் கட்டுரை, வலப்பக்கம் படம் என்று பிரித்தார்கள். 1996இல் டேவிட் சீகல் எழுதிய புத்தகம் இந்தத் தந்திரத்தை உலகத்துக்கே சொல்லிக்கொடுத்தது. ஒரே ஒரு புள்ளி அளவுள்ள, நிறமே இல்லாத படத்தை இழுத்து நீட்டி முட்டுக்கொடுத்து வைப்பதும் அதில் சேர்த்தி. அழகுக்கென்றே வகுக்கப்பட்ட சிஎஸ்எஸ் விதிகள் அதே ஆண்டு டிசம்பரில் வந்துவிட்டன. பிரவுசர்கள்தான் அவற்றை ஒழுங்காகப் படிக்கவில்லை.

தமிழருக்கு இதில் கூடுதலாக ஒரு வினை இருந்தது. ‘இந்த எழுத்துருவில் காட்டு’ என்ற கட்டளையைப் பக்கத்தின் தலையில் ஒருமுறை எழுதினால் நெட்ஸ்கேப் பிரவுசரில் அது கட்டத்துக்குள் நுழையாது. ஒவ்வொரு கட்டத்திலும் திரும்ப எழுத வேண்டும். ஆங்கிலப் பக்கத்தில் ஒரு கட்டத்தை மறந்தால் எழுத்தின் சாயல் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். தமிழ்ப் பக்கத்தில் மறந்தால் அந்தக் கட்டம் முழுக்கத் தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வந்து உட்காரும். பார்ப்பவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றாலோ பக்கமே அந்தக் கோலம்தான். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தவர் எழுத்துருவை இறக்கி நிறுவவா போகிறார்?

செய்யுள் இன்னும் சோதித்தது. எத்தனை இடைவெளி விட்டாலும் பிரவுசர் அதை ஒன்றாகச் சுருக்கிவிடும். தேவாரத்தின் நீண்ட அடி சிறிய திரையில் மடங்கி விழுந்தால் அடி முடிந்ததா, மடிந்ததா என்று தெரியாது. அதனால் அடிக்கு அடி வரிமுறிப்பு, தள்ளி எழுத முறியாத இடைவெளிகள் என்று கையால் நெய்தார்கள். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் தேவாரத்தையும் திருவருட்பாவையும் ஏற்றியது இப்படித்தான். அவர்களுடைய பக்கங்களில் பெரிய அலங்காரம் கிடையாது. அந்த அடக்கம்தான் அவற்றைக் காப்பாற்றியது.

எந்த எழுத்துக்குக் கணினியில் எந்த எண் என்ற குறியாக்கம் மட்டும் ஆளுக்கொன்றாக இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்று இரண்டை முன்வைத்தது; மின்னஞ்சலில் விவாதித்தே உருவான திஸ்கி வேறு தனியாக ஓடியது. ‘கடலூர்’ என்ற பெயர் திஸ்கியில் க, ட, லூ, ர் என்று நான்கே குறிகள். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடில் ஊகாரக் குறியும் புள்ளியும் பிரிந்து ஆறாகும். ‘தில்லை’ திஸ்கியில் கண்ணுக்குத் தெரிகிறபடி முதலில் ஐகாரக் குறி, பிறகு ‘ல’. யூனிகோடில் ‘ல’ முன்னால், குறி பின்னால். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றத் தனி நிரல் வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட கருவிகளோடு, பார்ப்பவர் எதையும் நிறுவாமலே தமிழ் தெரியும்படி ‘தேனீ’ இயங்கு எழுத்துருவையும் செய்து இனாமாகக் கொடுத்தவர் அதிராம்பட்டினம் உமர்தம்பி. 2006இல் அவர் மறைந்தபோது யூனிகோடு வேரூன்றியிருந்தது.

எழுத்துச் சிக்கல் தீர்ந்த பிறகுதான் தமிழ்ப் பக்கத்தின் அழகு பற்றிப் பேசவே நேரம் கிடைத்தது. அதிலும் ஒரு பிடிவாதம் இன்றுவரை போகவில்லை: அச்சுப் பக்கம்போல இரு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்ற ஆசை. தமிழ்ச் சொற்கள் நீளம்; கைபேசியின் ஒடுங்கிய திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல் நின்றால் பெரிது. இரு ஓரத்தையும் இழுத்துப் பிடித்தால் நடுவில் பொக்கை விழுகிறது. இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

ஜியோசிட்டீஸை யாகூ 2009 அக்டோபரில் மூடிவிட்டது. அங்கே கட்டம் கட்டிய கடலூர்க்காரரோ சிதம்பரத்துக்காரரோ இதைப் படிக்க நேர்ந்தால், பழைய சிடியையும் ஃபிளாப்பியையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். பக்கம் கிடைத்தால் அதனுடன் அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுத்து வையுங்கள். அது இல்லாமல் திறந்தால் அத்தனை கட்டத்திலும் கொம்பு முளைத்த எழுத்துதான் நிற்கும்.