புராணம் போட்ட சோறு

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) இயற்றிய தலபுராணங்கள் இருபதுக்கும் மேற்பட்டவை. இன்று அவற்றை எடுத்துப் படிப்பார் அரியர். கேட்ட ஊருக்கெல்லாம் பாடிக் கொடுத்தவை, நாட்டுச் சிறப்பு நகரச் சிறப்பு என ஒரே அச்சில் வார்த்தவை என்று வகுப்பறையில் நாமும் பல ஆண்டுகள் சொல்லி வந்திருக்கிறோம். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தை வரவுசெலவுக் கணக்காக ஒருமுறை படித்துப் பார்த்த பின்னர் அவ்வாறு சொல்ல நா எழவில்லை.

அப்படிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கல்லூரி நேரம் முடிந்தபின் ஆர்வமுள்ள மாணவர் சிலருக்குப் பழைய நூல்களைப் பாடம் சொல்லும் ஏற்பாடு ஒன்றை நண்பர்கள் சேர்ந்து தொடங்கினோம். யாரும் ஊதியம் பெறவில்லை. இருந்தும் இரண்டாம் ஆண்டிலேயே அது நின்றுபோயிற்று. சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தது; மாணவர்களின் மாலைச் சிற்றுண்டிக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும்தான் வழி இல்லாமற் போயிற்று. பள்ளிக் கட்டணமோ அரசு மானியமோ இன்றி, ஒரு தனி மனிதர் எப்படி ஆண்டுக்கணக்கில் மாணவர் கூட்டத்தைத் தம்முடன் வைத்துக் கற்பித்தார் என்ற கேள்வி அப்போது எழுந்ததே.

1871-இல் மாயூரத்தில் இருந்த பிள்ளையவர்களிடம் தம் மகனை அழைத்துவந்தார் வேங்கடசுப்பையர். கற்பிக்க ஆசிரியர் காசு கேட்கவில்லை. அவரை யோசிக்க வைத்தது மாணவரின் ஆகாரம். அவர் சைவ வேளாளர், வந்தவர் அந்தணர். அன்றைய வழக்கப்படி ஆசிரியர் வீட்டில் மாணவர் உண்ணுதல் இயலாது. திருவாவடுதுறையிலும் பட்டீச்சுரத்திலும் தாம் தங்கும் நாட்களில் அதற்கு ஏற்பாடு செய்யலாம், மாயூரத்தில் செய்வதற்கில்லை என்றார். இராமாயணப் பிரசங்கம் செய்து குடும்பம் நடத்திய தந்தை அச்செலவைத் தாம் ஏற்றார். கல்வி இலவசமாகவே இருந்தது. சாதி வழக்கத்துக்குரிய செலவு மட்டும் ஏழைத் தந்தையின் தலையில் விழுந்தது.

மற்ற மாணவர் பலருக்குச் சோறு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி புராணத்திலிருந்து என்பதே நம் கணிப்பு. ஓர் ஊரின் செல்வர்களும் கோயிலைச் சார்ந்தவர்களும் தங்கள் தலத்துக்கு ஒரு புராணம் வேண்டுமென விரும்புவர். வடமொழி மான்மியத்தைத் தமிழ் வசனமாக்கிக் கொடுப்பர். பிள்ளையவர்கள் வாயாற் பாடிக்கொண்டே போவார். மாணவர் ஒருவர் ஓலையில் எழுதுவார். செய்யுள் எப்படிப் பிறக்கிறது, எங்கே தயங்குகிறது, எந்தச் சீர் மாற்றப்படுகிறது என்பதை அம்மாணவர் பக்கத்திலிருந்து காண்பார். எந்த யாப்பிலக்கண நூல் இதைக் கற்பிக்கும்? பின்னர் அரங்கேற்றம். மாணவர் செய்யுளைப் படிக்க, ஆசிரியர் பொருள் விரிக்க, நாட்கணக்கில் அது நடக்கும். அந்நாட்களில் உடன் சென்றவர்களுக்கு ஊரே உணவிடும். முடிவில் சால்வையும் பொருளும் சேரும். நாகப்பட்டினத்துக்காகப் பாடிய திருநாகைக் காரோணப் புராணமே பிறகு சாமிநாதையருக்குப் பாடநூலாகவும் ஆயிற்று. பொருளீட்டலும் கற்பித்தலும் இங்கே ஒரே வேலை. நன்கொடை கேட்க ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு ஓடவேண்டியிருக்கவில்லை.

இதைப் பொற்காலமாக வரைந்துவிடவும் கூடாது. புராண வரவு மழையைப் போன்றது. வந்த பொருளை வைத்துக்கொள்ளவும் அவருக்குத் தெரியவில்லை. கடன் வாங்கிக் காலம் தள்ளிய நாட்கள் உண்டு. சாமிநாதையரும் குடும்பத் தேவைக்காகப் படிப்பை இடையில் விட்டுப் பெரம்பலூர்ப் பக்கத்துக் காரைக்குச் சென்று திருவிளையாடற் புராணப் பிரசங்கம் செய்தார்.

நிலையான ஆதரவு திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்து கிடைத்தது. மடத்து நில வருவாயும், சுப்பிரமணிய தேசிகரின் தமிழார்வமும் சேர்ந்ததால் மாணவர் உணவு ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. 1876 பிப்ரவரி 1 அன்று பிள்ளையவர்கள் மறைந்தார். ஒருவரையே நம்பிய ஏற்பாடுகள் அத்துடன் கலைவதே வழக்கம். இது கலையவில்லை. தேசிகர் தாமே பாடம் சொன்னார். இளைய மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பைச் சாமிநாதையரிடம் தந்தார். அவர் குடியிருக்க வீடும் கட்டிக் கொடுத்தார்.

1880-இல் இன்னொரு கை நீண்டது. பிள்ளையவர்களின் மூத்த மாணவரான தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெறுகையில், அவ்விடத்துக்குச் சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். பிரிய மனமின்றியே தேசிகர் விடை கொடுத்தார். மாதச் சம்பளம் 50 ரூபாய். முதன்முறையாக அம்மரபுக்கு ஒன்றாந்தேதி வரவு வந்தது. ஆயினும் 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சிடச் சம்பளம் போதவில்லை. அன்பர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கிப் பொருள் திரட்டினார். அரங்கேற்றத்தின் முடிவில் கிடைத்த பொருள், அச்சுக் காலத்தில் நூலுக்கு முன்னே வந்து நின்றது என்று நமக்குத் தோன்றுகிறது.

நின்றுபோன மாலை வகுப்பை இவ்வாண்டு மீண்டும் தொடங்குகிறோம். சுற்றுவட்டாரக் கோயில் ஒன்றின் வரலாற்றை மாணவர்களே களம் சென்று எழுத, நாம் உடனிருந்து திருத்த, சிறு நூலாக்கித் திருவிழாக் கூட்டத்தில் விற்பதாக ஏற்பாடு. விலையை இன்னும் முடிவு செய்யவில்லை. 20 பேரின் பேருந்துக் கட்டணம் அதில் தேற வேண்டும்.